தவுகே வாலைக் கிள்ளக் கொடுங்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். பலர் பசியாறிவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள், சிலர் மதியச் சமையலுக்கு அடுப்படியில் நின்றுகொண்டே கேட்பீர்கள். நிற்கிறவர்கள் அப்படியே நில்லுங்கள், இன்றைக்கு நான் பேசப்போவது பெரும்பாலும் அந்த இடத்தைப் பற்றித்தான். பினாங்கில், ஆயர் ஈத்தாம் பக்கம், 19 வருடமாகப் பாலர் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு வீட்டில் என்ன விளையாட்டுக் கொடுக்கலாம் என்று பேச அழைத்தார்கள். கடைக்குப் போய் எதையும் வாங்கச் சொல்லமாட்டேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிள்ளையைச் சேர்த்து ஒரு மாதம் ஆனதும் பெற்றோர் கேட்பது ஒரே கேள்விதான். "டீச்சர், எழுத ஆரம்பிச்சிட்டானா?" கேட்பதில் தப்பில்லை. ஆரம்பப் பள்ளியின் முதலாம் ஆண்டு நெருங்குகிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளை இரண்டு மொழியில் பெயர் எழுதுகிறது, பயம் வரத்தான் செய்யும். ஆனால் நான் அந்தப் பிள்ளையிடம் பார்ப்பது வேறு. வாழைப்பழத்தை உரிக்கத் தெரிகிறதா, தண்ணீர்ப் போத்தல் மூடியைத் திருக வருகிறதா, சட்டைப் பொத்தானைத் தானே போடுகிறதா. சாப்பாட்டு நேரத்தில் பாதி வகுப்பு பிஸ்கட் பொட்டலத்தை நீட்டிக்கொண்டு என் முன்னால் வரிசையில் நிற்கிற நாள்கள் உண்டு. பொட்டலத்தைக் கிழிக்க முடியாத விரல்களிடம் பென்சிலைக் கொடுத்து "அ" எழுதச் சொல்கிறோம். அந்த "அ"வை ஒருமுறை மெதுவாக எழுதிப் பாருங்கள், சிறிய சுழி, அதிலிருந்து பெரிய வளைவு, திரும்பிக் குறுக்கே ஒரு கோடு, கடைசியில் நெட்டாக ஒரு கோடு. "ட", "ப" போல நேர்க்கோடுகளாலேயே ஆன எழுத்து இல்லை அது.

இதை நான் என் சொந்த மகளிடம் கற்றுக்கொண்டேன் என்பதுதான் எனக்கு இன்னும் வருத்தம். அவளுக்கு நான்கு வயது இருக்கும்போது தினமும் இரவு சாப்பிட்டதும் உட்காரவைத்து ஒரு பக்கம் எழுதவைப்பேன். பென்சிலை முழுக் கையால் கத்தி மாதிரி பிடிப்பாள், நான் விரலைப் பிரித்துப் பிரித்து வைப்பேன், அவள் அழுவாள். கடைசியில் நோட்டை எடுத்தாலே வயிறு வலிக்கிறது என்று படுத்துக்கொண்டாள். கை தயாராகாமல் எழுத்து வராது. பிள்ளைக்கு முதலில் தோள் திடமாகும், பிறகு முழங்கை, அப்புறம் மணிக்கட்டு, கடைசியாகத்தான் விரல் நுனி. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து பென்சிலைப் பிடிக்கிற பிடி நான்கு வயதுக்கும் ஆறு வயதுக்கும் நடுவில்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நிலைக்கிறது. அதுவரை அந்தக் கைக்குத் தேவை வேலை.

அந்த வேலை சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. தவுகே, அதுதான் நீளமாக முளைவிட்ட பயறு, வாங்கி வந்தால் பாதியைத் தனியாக எடுத்து வையுங்கள். தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, பிள்ளைக்கு எதிரே நீங்களும் சப்பணம் போட்டு உட்காருங்கள். இந்தப் பக்கம் ஒரு கிண்ணம், அந்தப் பக்கம் ஒரு கிண்ணம். ஒரு தவுகேயை எடுத்து, வாலைப் பிடித்து, நகம் படும்படி ஒரு கிள்ளு. "டுக்" என்று ஒரு சின்னச் சத்தம் வரும், அந்தச் சத்தத்துக்காகவே பிள்ளை அடுத்ததை எடுக்கும். இப்போது அதன் விரல்களைக் கவனியுங்கள். நான் என் மகளுக்குப் பிரித்துப் பிரித்து வைத்த அதே மூன்று விரல்கள், யாரும் சொல்லாமல் தானாக அந்த இடத்துக்கு வந்திருக்கும். முதல் நாள் நடுவில் ஒடித்துவிடும், தலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு வாலைக் கிண்ணத்தில் வைக்கும். வைக்கட்டும், அதையும் சேர்த்து வதக்குங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். ராத்திரி சாப்பிடும்போது "இது நீ கிள்ளினது" என்று தட்டில் வைத்துப் பாருங்கள், காய்கறி வேண்டாம் என்கிற பிள்ளைகூட இரண்டு வாய் சாப்பிடும்.

தவுகே ஒன்றுதான் என்றில்லை. நெத்திலித் தலையைக் கிள்ளலாம், முருங்கைக்கீரையைக் காம்பிலிருந்து உருவலாம், ஊறவைத்த பூண்டை உரிக்கலாம். சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை கொடுத்தால் போதும், அது கறுத்துப்போகிற வரைக்கும் பிசையும். இடியாப்ப உரலைத் திருகவிடுங்கள், பாதிக்கு மேல் அழுத்த முடியாது, அங்கே உங்கள் கையை அதன் கைமேல் வையுங்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு, அதைக் கொஞ்சம் நின்று சொல்ல ஆசை. இப்போது நான் சொன்ன சொற்களைக் கவனித்தீர்களா? கிள்ளு, உருவு, உரி, பிசை, திருகு. இன்னும் இருக்கிறது, பிட்டு வை, நசுக்கு, துருவு, சலி, புடை, அலசு, பிழி, கிளறு, துழாவு. கை செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் தமிழில் தனித்தனியாக ஒரு சொல். இன்றைக்கு நம் வீடுகளில் என்ன நடக்கிறது? கட் பண்ணு, மிக்ஸ் பண்ணு, வாஷ் பண்ணு, எல்லாவற்றுக்கும் ஒரே "பண்ணு". என் வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் நல்லாத் தமிழ் பேசும், ஆனால் "கீரையை என்ன செய்யணும்?" என்று கேட்டால் "பண்ணணும்" என்கிறது. பிள்ளைமேல் குற்றமில்லை, அந்தச் சொல் அதன் காதில் விழவே இல்லை. கை கிள்ளும் அதே நேரத்தில் வாய் "கிள்ளு" என்று சொன்னால் அந்தச் சொல் விரலிலேயே ஒட்டிக்கொள்ளும். படம் போட்ட அட்டையைக் காட்டிக் கற்றுக்கொடுத்த சொல் இரண்டு நாளில் போய்விடுகிறது, இது போவதில்லை. அதனால் வேலை கொடுக்கும்போது சும்மா இருக்காதீர்கள், பேசுங்கள்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. மரியா மொண்டிசோரி என்ற இத்தாலிய மருத்துவர் 1907இல் ரோம் நகரத்தில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் சிறு பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் திறந்தார். அவருடைய முறையில் பிள்ளைகள் நிஜக் குவளையில் தண்ணீர் ஊற்றும், மேசையைத் துடைக்கும், பொத்தான் போட்டுப் பழகும். அவரே 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், போர் மூண்டதால் இந்தியாவிலேயே பல வருடம் தங்கும்படி ஆனது. அவர் சொன்னதை என் பாட்டியிடம் சொல்லியிருந்தால் இதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருப்பார். பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டப் போனவர், பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார். அங்கே விளையாட்டுச் சாமான் ஏது? ரப்பர் விதைதான். அதைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கி அடுத்தவன் கையில் வைப்பதுதான் விளையாட்டு.

சரி, தண்ணீருக்கு வருவோம். அரை மணி நேரம் பிள்ளையை ஓரிடத்தில் இருக்கவைக்கத் தண்ணீரைப் போல எதுவும் இல்லை. குளியலறையில் ஒரு பேசினில் கொஞ்சம் தண்ணீர், இரண்டு குவளை, ஒரு வடிகட்டி, ஒரு புனல், பழைய ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்று. ஸ்பாஞ்சை இந்தப் பாத்திரத்தில் நனைத்து அந்தப் பாத்திரத்தில் பிழியச் சொல்லுங்கள், பிழிகிற கைக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. உயரமான கண்ணாடிக் குவளையும் அகலமான கிண்ணமும் கொடுத்து, இதில் இருந்த தண்ணீர் அதில் போனால் ஏன் குறைந்த மாதிரி தெரிகிறது என்று கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். ஒன்றே ஒன்று, நீங்கள் அங்கேயே இருக்கவேண்டும். கைப்பேசி அடித்தாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் எடுங்கள், சில அங்குலத் தண்ணீரே சிறு பிள்ளைக்கு ஆபத்து. முடிந்ததும் எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள், பால்கனியில் மறந்துவிட்ட ஒரு குவளை போதும், ஏடிஸ் கொசுவுக்கு வீடு கிடைத்துவிடும்.

மழை பெய்கிற மத்தியானத்துக்கு ஒன்று சொல்கிறேன். வேலியோரம் நீலமாகப் பூக்கிற சங்குப்பூ பத்துப் பதினைந்து பறித்து வெந்நீரில் போட்டு வையுங்கள், நல்ல நீலத் தண்ணீர் கிடைக்கும். நம் ஊர்ச் சீனர்களின் நியோன்யா பலகாரங்களுக்கு நீலம் ஏற்றுகிற அதே பூதான். இரண்டு கப் கோதுமை மாவு, ஒரு கப் பொடி உப்பு, ஒரு கரண்டி எண்ணெய், அதோடு ஆறிய நீலத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஒரு கப்புக்குக் கொஞ்சம் குறைவாகவே பிடிக்கும், பிள்ளையையே பிசையச் சொல்லுங்கள். உருட்ட, தட்ட, நீட்ட ஒரு வாரம் வரும், காற்றுப் படாமல் டப்பாவில் வையுங்கள். இப்போது வேடிக்கைக்கு, ஓர் எலுமிச்சைத் துண்டைப் பிள்ளை கையில் கொடுத்து மாவுமேல் பிழியச் சொல்லுங்கள். சொட்டு விழுந்த இடமெல்லாம் ஊதா நிறமாக மாறும். புளிப்புப் பட்டால் அந்தப் பூவின் சாயம் நிறம் மாறும் குணம் உள்ளது. என் வகுப்பில் இதைச் செய்த அன்று, வாயே திறக்காமல் மூன்று மாதம் மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் பிள்ளை என் கையைப் பிடித்து இழுத்து, "டீச்சர், பூ கோவிச்சுக்கிச்சு" என்றாள். அவள் எங்களிடம் பேசிய முதல் வாக்கியம் அது. இந்த மாவில் உப்பு அதிகம், வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணுவதற்கு முட்டை அட்டையை விட நல்ல சாமான் எனக்குத் தெரியாது. முப்பது குழி இருக்கும், இரண்டு வரிசை வெட்டினால் பல்லாங்குழி தயார், மலாய்க்காரப் பிள்ளைகளுடன் சேர்ந்தால் அதுவே சொங்காக். ஒரு குழிக்கு ஒரு புளியங்கொட்டை, ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுக்கொண்டே போகும்போது எண் என்பது வாய்ப்பாடமாக இல்லாமல் கைக்குப் புரிகிற பொருளாகிறது. பூங்காவில் பொறுக்கி வருகிற சிவப்பு ஆனைக்குன்றிமணியும் நல்லது. கறுப்புப் பொட்டு உள்ள குன்றிமணி மட்டும் வேண்டாம், அது நஞ்சு. மூன்று வயதுக்குக் கீழே தம்பி, தங்கை வீட்டில் இருந்தால் கொட்டை விளையாட்டே வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

கைப்பேசியைப் பற்றிப் பேசாமல் போனால் முழுமையாகாது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு இது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளை ஒரு நாளில் 180 நிமிடமாவது ஓடியாடி இருக்கவேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற ஆட்டமாக இருக்கவேண்டும், திரைக்கு முன்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. அடுக்குமாடியில் பதினைந்தாவது மாடியில் இருந்துகொண்டு 180 நிமிடத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயம்தான். தினமும் தண்ணீர்மலைப் பூங்காவுக்குப் போக யாருக்கு நேரம் இருக்கிறது? துணிக்கூடையை இழுக்கச் சொல்லுங்கள், தலையணையைத் தாண்டச் சொல்லுங்கள், தாழ்வார நடைபாதையில் சாக்குக்கட்டியால் கட்டம் போட்டு நொண்டியடிக்கச் சொல்லுங்கள். மின்தூக்கிக்குக் காத்திருக்கும் நேரத்தில்கூட ஒரு விளையாட்டு இருக்கிறது, "க"வில் தொடங்குகிற சொல் நீ ஒன்று, நான் ஒன்று. எழுத்தைக் காட்டவேண்டாம், ஒலி மட்டும் போதும். ஒலியைப் பிரித்துக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்குப் பிறகு வாசிப்பு எளிதாக வரும்.

பெரிய அட்டைப் பெட்டி கிடைத்தால் வெட்டவும் வேண்டாம், வண்ணம் அடிக்கவும் வேண்டாம், நடுக்கூடத்தில் வைத்துவிட்டுப் போய்விடுங்கள். என் மகளும் பக்கத்து வீட்டுப் பையனும் அதை ஃபெரியாக்கி பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் இரண்டு நாள் ஓட்டினார்கள். அவன் கயிறு கட்டுவான், இவள் பழைய ரசீதைக் கிழித்து டிக்கெட் கொடுப்பாள். பயணியாக என்னைக் கூப்பிட்டார்கள், காசு கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். நடுவில் ஒரு யோசனை சொன்னபோது, "ஃபெரியிலே பயணி பேசக்கூடாது" என்று அவளே சொன்னாள், சரியென்று வாயை மூடிக்கொண்டேன்.

சில பிள்ளைகள் மாவைத் தொடவே மாட்டார்கள், பிசுபிசுப்பு ஆகாது. வற்புறுத்தாதீர்கள். ஒரு பையில் போட்டு மூடி வெளியிலிருந்து அழுத்தச் சொல்லுங்கள், பிறகு ஒரு கரண்டி கொடுங்கள், விரல் தானாக ஒருநாள் வரும். பல மாதம் ஆகியும் ஒரு கையை மட்டும் ஒதுக்கியே வைத்திருந்தால், பொத்தான், மூடி எதுவும் பிடிபடவே இல்லை என்றால், அருகில் உள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள், பயப்படாமல் சீக்கிரம் காட்டுவது நல்லது.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். நாளைக்குக் காலையில் நாசி லெமாக் பொட்டலம் வாங்கினால் அதைக் கட்டி வருகிற ரப்பர் வளையத்தைத் தூக்கிப் போடாதீர்கள். காலி மைலோ டின் ஒன்றை எடுத்து, நான்கைந்து வளையத்தை அதன்மேல் விரித்து மாட்டச் சொல்லுங்கள், பிறகு கழற்றச் சொல்லுங்கள், நீங்கள் அருகிலேயே இருங்கள். இரண்டு கையையும் விரித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு மாட்டுவார்கள் பாருங்கள். வணக்கம்.