வீட்டில் பிரசவம்: முடிவெடுப்பதற்கு முன்

வணக்கம் நேயர்களே. நான் முறையாகப் படித்துப் பயிற்சி பெற்று, இருபது வருடங்களுக்கும் மேலாகப் பிரசவம் பார்த்துவரும் மருத்துவச்சி. ஐந்தாம் மாதமோ ஆறாம் மாதமோ பரிசோதனைக்கு வரும் பெண்களில் சிலர், கிளம்பும் நேரத்தில் தயங்கித் தயங்கி ஒன்று கேட்பார்கள். "சிஸ்டர், நீங்கள் கூட இருந்தால் வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாமா?"

இந்தக் கேள்வி காதில் விழுந்ததுமே அதட்டி வாயை அடைக்கிறவர்கள் உண்டு. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வேன். ஏனென்றால் அந்தக் கேள்விக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு காயம் இருக்கும். முதல் பிரசவத்தில் மல்லாக்கப் படுக்க வைத்து அசையவிடாமல் செய்திருப்பார்கள். வலியில் கத்தியதற்குத் திட்டு வாங்கியிருப்பாள். கணவரையோ அம்மாவையோ பக்கத்தில் விட்டிருக்க மாட்டார்கள். எதற்காகக் கத்தரித்தார்கள், எதற்காக ஊசி போட்டார்கள் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். அவளுக்கு வேண்டியது மரியாதை. அது வீட்டில்தான் கிடைக்கும் என்று நினைக்கிறாள்.

அதனால் முதலில் அவளிடம் ஒன்று சொல்வேன். நம்பிக்கையான ஒருவர் துணைக்கு இருப்பது, வலி நேரத்தில் எழுந்து நடப்பது, தனக்கு வசதியான நிலையில் முக்குவது, இவையெல்லாம் உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பிரசவ வழிகாட்டுதலிலேயே இருக்கின்றன. ஆஸ்பத்திரியிலும் இவற்றைக் கேட்டு வாங்கலாம். கேட்டால் தருகிற இடம் கிடைத்துவிட்டால், பலருக்கு வீட்டைப் பற்றிய யோசனையே போய்விடும்.

சரி, அப்படியும் மனம் வீட்டைத்தான் நாடுகிறது என்றால்? அப்போது கணக்குப் பார்த்துப் பேசுவோம். இங்கிலாந்தில் 64,000-க்கும் அதிகமான பிரசவங்களை ஆராய்ந்து 2011-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எல்லோருமே சிக்கல் இல்லாத கர்ப்பிணிகள். இரண்டாவது, மூன்றாவது குழந்தை பெறுபவர்களுக்கு, வீடானாலும் ஆஸ்பத்திரியானாலும் குழந்தைக்கு வரும் ஆபத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. வீட்டில் பெறத் திட்டமிட்டவர்களுக்கு சிசேரியனும் குறைவு, ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுப்பதும் குறைவு. ஆனால் தலைச்சன் பிரசவத்தில் கதை வேறு. குழந்தை இறப்பது, பிறக்கும்போது மூளை பாதிக்கப்படுவது போன்ற கடுமையான விளைவுகளை எல்லாம் சேர்த்து எண்ணினால், ஆஸ்பத்திரியில் ஆயிரத்துக்கு ஐந்து, வீட்டில் ஆயிரத்துக்கு ஒன்பது. இன்னொரு கணக்கும் அதில் உண்டு. வீட்டில் பெற நினைத்த தலைச்சன்காரிகளில் நூற்றுக்கு 45 பேரை, பிரசவத்தின்போதோ அது முடிந்த கையோடோ ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டியிருந்தது. வீட்டில் இரண்டாவது, மூன்றாவது குழந்தை பெற நினைத்தவர்களில் 12 பேர்.

இந்த 45 என்ற எண்ணைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். அந்தப் பெண்களுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் இருந்தது, சொன்னதும் எடுத்துக்கொள்ளும் ஆஸ்பத்திரி இருந்தது. வீட்டில் பிரசவம் என்று திட்டமிடுகிறவர்கள், வீட்டை விட்டுக் கிளம்புவதையும் சேர்த்துத்தான் திட்டமிட வேண்டும். அது இல்லாத இடத்தில் என்னைக் கூப்பிட்டாலும் நான் வரமாட்டேன்.

ஒரு இரவு நினைவுக்கு வருகிறது. தலைச்சன் பிரசவம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கட்டிலின் விளிம்பைப் பிடித்து முட்டிபோட்டு, வலி வரும்போது இடுப்பை அசைத்துக்கொண்டிருந்தாள். பனிக்குடம் உடைந்தது. தெளிவாக வரவேண்டிய நீர் பச்சையாக வந்தது. குழந்தை உள்ளேயே மலம் கழித்திருந்தது. கருவியை வயிற்றில் வைத்து இதயத்துடிப்பைக் கேட்டேன். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டியது, வலி ஓய்ந்த பிறகும் 90-இலேயே நின்று, மெல்லத்தான் ஏறியது. அடுத்த வலிக்கும் அப்படியே. "கிளம்பலாம்மா" என்றேன். வண்டியில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நான் தோத்துட்டேனா சிஸ்டர்?" என்று அழுதாள். இருபது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம். முன்பே பேசி வைத்திருந்ததால் வாசலிலேயே ஆள் நின்றார்கள். குழந்தை பிறந்ததும் அழவில்லை. மூச்சு கொடுக்கத் தெரிந்த மருத்துவர் பக்கத்திலேயே இருந்தார். அப்புறம் அழுதது. அந்த அழுகையைக் கேட்டு நாங்கள் இருவரும் அழுதோம்.

எல்லோருக்கும் வீடு பொருந்தாது. இரட்டைக் குழந்தை, தலை கீழே திரும்பாத குழந்தை, முன்பு சிசேரியன் ஆனவர், ரத்த அழுத்தமோ சர்க்கரையோ ஏறியவர், ரத்த சோகை உள்ளவர், நச்சுக்கொடி கீழே இறங்கியிருப்பவர், 37 வாரம் நிறையாதவர், இவர்களுக்கெல்லாம் ஆஸ்பத்திரிதான். ஏழாம் மாதம் வரை சரியாக இருந்து ஒன்பதாம் மாதம் அழுத்தம் ஏறினாலும் முடிவை மாற்றத்தான் வேண்டும்.

அடுத்து, வருகிற மருத்துவச்சி யார்? அனுபவசாலி என்று நாலு பேர் சொல்வது போதாது. படிப்பு என்ன, பதிவு உண்டா, இந்த இடத்தில் வீட்டுப் பிரசவம் பார்க்கச் சட்டம் அனுமதிக்கிறதா, கூட இன்னொரு பயிற்சி பெற்றவர் வருவாரா என்று கேளுங்கள். கூச்சமே வேண்டாம். பையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். என் பையில் ஒரு சின்ன ஐஸ் பெட்டி இருக்கும். அதற்குள் ஆக்ஸிடோசின் ஊசி. குழந்தை பிறந்ததும் ரத்தப்போக்கைத் தடுக்கத் தாய்க்குப் போடுவது. குளிர்ச்சி போனால் வீரியம் குறைந்துவிடும். குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் பையும் முகமூடியும் தலையணைப் பக்கத்திலேயே எடுத்து வைத்திருப்பேன். பிறந்த முதல் நிமிடத்துக்குள் மூச்சு வந்தாக வேண்டும், அப்போது பையைத் துழாவ நேரம் கிடையாது.

நச்சுக்கொடி வந்ததும் அதை விரித்து வைத்து, ஒரு துண்டு குறையாமல் வந்திருக்கிறதா என்று விளக்கு பிடித்துப் பார்ப்பேன். தாயின் தொப்புளுக்குக் கீழே கை வைத்தால் கர்ப்பப்பை பந்துபோலக் கெட்டியாக இருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் ரத்தம் போகிறது என்று அர்த்தம். நல்ல ஆரோக்கியமான பெண்ணையும் சில மணி நேரத்தில் பறித்துவிடும் ரத்தப்போக்கு அது. குழந்தை பிறந்துவிட்டது என்று வீடே சந்தோஷப்படும் அந்த நேரத்தில்தான் என் கை அவள் வயிற்றை விட்டு நகராது. காணொளி பார்த்து, கணவரையே துணைக்கு வைத்துக்கொண்டு பெற்றுவிடலாம் என்று நினைக்கிறவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். அந்தக் கை அங்கே இருக்காது. தயவுசெய்து வேண்டாம்.

வீட்டில்தான் என்று முடிவு செய்திருந்தாலும், 36-ஆவது வாரத்தில் எல்லோரும் உட்கார்ந்து இன்னொரு முறை பேசுங்கள். எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நிமிடம், வண்டி யாருடையது, ரத்தம் கொடுக்க யார். அப்புறம், வலி எடுத்த பிறகு அந்தப் பெண் "எனக்குப் பயமாக இருக்கிறது, போய்விடலாம்" என்று சொன்னால், காரணம் கேட்காமல் கிளம்புங்கள்.

நன்றி, வணக்கம்.