கடல் அமிலமானால் சிப்பி கரைந்துவிடுமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். கடல் எவ்வளவு கரியமில வாயுவை உறிஞ்சுகிறது என்று போன வீடியோவில் பேசினோம். அதைப் பார்த்துவிட்டு நாகப்பட்டினத்திலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "கடல் சூடாகிறது, அமிலமாகிறது என்கிறீர்கள். அப்படியானால் சிப்பி, நண்டு எல்லாம் கரைந்துவிடுமா சார்? மீனுக்கு நீந்தத் தெரியுமே, குளிர்ந்த இடத்துக்குப் போய்விடாதா? இத்தனை கோடி வருஷம் வாழ்ந்த உயிர்கள் இதற்கும் பழகிக்கொள்ளாதா?"

நல்ல கேள்வி. கரைவதிலிருந்தே ஆரம்பிக்கலாம். கடல்நீர் இன்றும் காரத்தன்மை கொண்டதுதான், கரியமில வாயு கரையக் கரைய அது அமிலப் பக்கம் நகர்கிறது, அவ்வளவே. இதை அளப்பது பி.எச். என்ற எண், அது குறையக் குறைய அமிலத்தன்மை கூடுகிறது என்று பொருள். தொழிற்புரட்சிக்கு முன் கடல் மேற்பரப்பின் பி.எச். சுமார் 8.2, இப்போது சுமார் 8.1. பார்க்க அற்பமாகத் தெரியும். ஆனால் பி.எச். அளவு மடங்குக் கணக்கில் போவது. இந்த 0.1 குறைவுக்கு, நீரில் ஹைட்ரஜன் அயனிகள் 25 முதல் 30 சதவீதம் வரை கூடிவிட்டன என்று அர்த்தம். அந்த அயனிகள் கார்பனேட்டைப் பிடித்து பைகார்பனேட்டாக மாற்றிவிடும். சிப்பி தன் ஓட்டைக் கட்டுவது கால்சியம் கார்பனேட்டால்தான். கச்சாப்பொருள் அங்கேயே அடிபடுகிறது.

வளர்ந்த சிப்பியின் ஓடு நாளைக்கே கரைந்துவிடாது. அடி விழுவது பிறந்த குஞ்சுக்கு. இதை உலகம் புரிந்துகொண்டது அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், நெட்டார்ட்ஸ் விரிகுடாவில் இருக்கும் ஒரு சிப்பிக் குஞ்சு பொரிப்பகத்தில். 2007 வாக்கில் அங்கே தொட்டி தொட்டியாகக் குஞ்சுகள் சாக ஆரம்பித்தன. முதலில் பாக்டீரியா மேல் சந்தேகம் வந்தது. நீரைச் சுத்தப்படுத்திப் பார்த்தார்கள், சாவு நிற்கவில்லை. அப்புறம் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழக விஞ்ஞானிகளோடு சேர்ந்து நீரின் வேதியியலை அளந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கோடையில் வடக்கிலிருந்து காற்று வீசும்போது, ஆழத்து நீர் கரையோரம் மேலே ஏறி வரும். அந்த நீரில் இயற்கையாகவே கரியமில வாயு அதிகம். அதோடு நாம் நிலக்கரி, பெட்ரோல் எரித்து வெளிவிட்ட வாயுவும் சேர்ந்துகொண்டதால் எல்லை தாண்டிவிட்டது.

சாவுக்கான காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பகுதி இதுதான். முட்டையிலிருந்து வரும் சிப்பிக் குஞ்சு முதல் இரண்டு நாளுக்குள் ஒரு முழு ஓட்டைக் கட்டியாக வேண்டும். ஓடு வந்து, இரை பிடிக்கும் உறுப்பும் வந்த பிறகுதான் வெளியே சாப்பிட முடியும். அதுவரை தாய் முட்டையில் வைத்துவிட்ட கொழுப்புதான் கையிருப்பு. கார்பனேட் குறைந்த நீரில் ஓடு கட்ட அதிகச் சக்தி செலவாகும். கையிருப்பு தீர்ந்து, இரை தேடும் கட்டத்துக்கு வராமலே குஞ்சு செத்துப்போகும், அல்லது பல நாள் கழித்து நலிந்து சாகும். பல நாள் கழித்துச் சாவதால்தான் காரணத்தைக் கண்டுபிடிக்க அவ்வளவு சிரமப்பட்டார்கள்.

ஆக, கேள்வியைக் 'கரையுமா' என்பதிலிருந்து 'கட்டுப்படியாகுமா' என்று மாற்றிக்கொள்ளலாம். மாதச் சம்பளம் அப்படியே இருக்க, வாடகையும் மளிகையும் ஒரே நேரத்தில் ஏறினால் ஒரு குடும்பம் என்ன ஆகும்? கடல் உயிர்களின் நிலை அதுதான். உடலுக்குள் அமில அளவைச் சமன்செய்ய ஒரு செலவு. வெப்பம் கூடினால் உடலின் இயக்கம் வேகமெடுத்து, ஆக்ஸிஜனும் உணவும் கூடுதலாகத் தேவைப்படும். ஆனால் சூடான நீரில் ஆக்ஸிஜன் குறைவாகத்தான் கரையும்.

இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் அருமையான இடம் இருக்கிறது. இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கம் இஸ்கியா தீவு. எரிமலைப் பகுதி என்பதால் அங்கே கடலடியிலிருந்து கரியமில வாயு குமிழி குமிழியாக வருகிறது, ஆனால் நீர் சூடாகாது. அமிலத்தின் விளைவை மட்டும் தனியாகப் பார்க்கலாம். 2008இல் வெளியான ஆய்வுப்படி, குமிழிக்கு அருகே போகப் போக ஓடு கட்டும் உயிர்கள் குறைந்து, கடற்புற்கள் அடர்த்தியாகின்றன. கடற்புல்லுக்குக் கரியமில வாயு உணவாயிற்றே! பின்னர் பவளங்களையும் சிப்பிகளையும் கொண்டுபோய் அங்கே வைத்துப் பார்த்தார்கள். ஓட்டின் மேல் தசையோ தோல் போன்ற உறையோ மூடியிருந்தவை அந்த நீரிலும் தாக்குப்பிடித்தன. ஆனால் கோடையில் நீர் நன்றாகச் சூடானதும் அவற்றின் பாடு மோசமாகிவிட்டது. ஒன்றை மட்டும் தாங்கியது, இரண்டையும் சேர்த்துத் தாங்கவில்லை.

பவளத்துக்கு வெப்பமே முதல் எதிரி. அதன் உடலுக்குள் வாழும் பாசிதான் உணவின் பெரும்பகுதியைக் கொடுக்கிறது. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரம் அப்படியே நீடித்தால், பாசியின் ஒளிச்சேர்க்கை பழுதாகி நச்சுப் பொருள்கள் உருவாகும். பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். வெளுத்தது உடனே செத்ததாகாது, நீர் சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கும். நம் மன்னார் வளைகுடாவில் 2010, 2016 கோடைகளில் பெரிய அளவில் வெளுத்தது. கிளை கிளையாக வளரும் வகைகளுக்குத்தான் சேதம் அதிகம், பாறை உருண்டை போல வளர்பவை பெரும்பாலும் தேறிவிடுகின்றன.

சரி, மீன் இடம் மாறாதா என்றால், மாறுகிறது. மத்தி, நம் பக்கம் பேச்சாளை என்பார்களே, அது ஒரு காலத்தில் பெரும்பாலும் மலபார்க் கரை மீன். கடந்த சில பத்தாண்டுகளில் அது வடக்கேயும் கிழக்குக் கரைக்கும் பரவியிருக்கிறது. கடல் சூடானதும் அதற்கு ஒரு காரணம் என்று மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் சொல்கிறார்கள். பவளமும் சிப்பியும் எங்கே போகும்? அவற்றின் குஞ்சுகள் மிதந்து போய்ப் புது இடத்தில் ஒட்டினால்தான் உண்டு.

இடையில் ஒன்று. அமிலநீரில் கோமாளி மீன் வாசனை அறியாமல், தன்னைத் தின்னும் மீனிடமே போய்விடும் என்று 2009 முதல் பரபரப்பாகப் பேசினார்கள். 2020இல் நேச்சர் இதழில் வந்த பெரிய மறு ஆய்வில், பவளத்திட்டு மீன்களிடம் அப்படிப்பட்ட விளைவு தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் அது இன்னும் சுற்றுகிறது, நம்பிவிடாதீர்கள்.

பழகிக்கொள்வது பற்றி: தலைமுறை சீக்கிரம் மாறினால் முடியும். சுண்ணாம்புத் தகடு கட்டும் ஒரு நுண்பாசியை ஜெர்மனியில் ஆய்வகத்தில் 500 தலைமுறை அமிலநீரில் வளர்த்தபோது, இழந்த திறனில் ஒரு பகுதி திரும்பிவந்தது. பாசிக்கு அதற்கு ஒரு வருஷம் போதும். ஒரு பவளம் முட்டையிடும் வயதுக்கு வரவே சில வருஷம் ஆகும்.

அந்த ஓரிகன் பொரிப்பகம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். பிழைத்துக்கொண்டது. அமிலத்தைச் சமன்செய்யத் தொட்டி நீரில் சோடா ஆஷ் கலக்கிறார்கள், நம் சலவைச் சோடாவுக்கு உறவுக்காரன். அதைக் கடலிலேயே கொட்டினால் என்ன? கணக்குப் போட்டுப் பாருங்கள். கடல் வருஷத்துக்கு உறிஞ்சுவது ஏறக்குறைய 1,000 கோடி டன் கரியமில வாயு. ஒரு டன்னைச் சமன்செய்ய சுமார் 2.4 டன் சோடா ஆஷ் வேண்டும். உலகம் முழுக்கத் தயாராகும் சோடா ஆஷைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு அது. அப்படியே கொட்டினாலும் நீரின் சூடு குறையாது, பவளம் வெளுப்பது நிற்காது.