பல்கலைக்கழகத்துக்கு ஒரு கேள்வியோடு போங்கள்

வணக்கம் நேயர்களே. பினாங்கிலிருந்து பேசுகிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மனிதவளப் பிரிவில் நெடுங்காலம் வேலை செய்தவன் நான். வார இறுதி என்றால் பொது இயக்க வேலை. இந்த இரண்டு இடத்திலும் இருந்து பார்த்ததில் எனக்கு ஒரு பெரிய ஆதங்கம் உண்டு, அதைப் பேசத்தான் வந்திருக்கிறேன். நம் சமூகத்தில் பல்கலைக்கழகம் என்றால் பிள்ளைக்கு இடம் கிடைத்ததா இல்லையா, அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கடை வைத்திருப்பவர், பட்டறை நடத்துபவர், ஆலய நிர்வாகத்தில் இருப்பவர், இளைஞர் மன்றத் தலைவர், இவர்களுக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

சரி, நாம் போகவே இல்லையா என்றால் போகிறோம். எப்படிப் போகிறோம் என்பதுதான் விஷயம். ஆண்டு விழாவுக்கு ஒரு பேராசிரியரைச் சிறப்பு விருந்தினராக அழைக்கிறோம், பொன்னாடை போர்த்துகிறோம், படம் எடுத்துப் புலனத்தில் போடுகிறோம், அடுத்த ஆண்டு விழா வரைக்கும் அவரை யாரும் கூப்பிடுவதில்லை. அவர் என்ன ஆய்வு செய்கிறார், அவருடைய மாணவர்கள் எதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு போங்கள். சின்னக் கேள்வியாக இருக்கட்டும், ஆனால் உங்கள் கடையில், உங்கள் இயக்கத்தில் நிஜமாகவே இருக்கிற கேள்வியாக இருக்கட்டும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். மிளகாய்த்தூள், மசாலாத்தூள் அரைத்து விற்கிற குடும்பத் தொழில் பிறையிலும் பட்டர்வொர்த்திலும் நிறைய உண்டு. அப்படி ஒரு தொழில் நடத்துபவர் பல்கலைக்கழகத்துக்குப் போய், "எங்கள் வியாபாரத்தை வளர்க்க உதவி செய்யுங்கள்" என்று கேட்டால் எந்த விரிவுரையாளரும் என்ன செய்வது என்று தெரியாமல்தான் நிற்பார். அதையே, "எங்கள் தூள் சில மாதத்திலேயே கட்டி பிடித்துவிடுகிறது, நிறமும் மங்குகிறது, காரணம் தூளில் இருக்கிற ஈரமா, நாங்கள் போடும் பிளாஸ்டிக் பையா, அடுக்கி வைக்கும் இடமா?" என்று கேட்டுப் பாருங்கள். ஜெலுகோரில் இருக்கிற யு.எஸ்.எம். பல்கலைக்கழகத்தில் உணவுத் தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளைகளுக்கு அது இறுதியாண்டு ஆய்வுக்கு ஏற்ற தலைப்பு. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், சாதாரணப் பிளாஸ்டிக் வழியாக அந்த ஈரம் மெல்ல மெல்ல உள்ளே போய்க்கொண்டே இருக்கும், அலுமினியத் தாள் சேர்த்த பை அதை நன்றாகத் தடுக்கும், ஆனால் விலை கூடும். எவ்வளவு கூடும், எத்தனை மாதம் கூடுதலாகத் தாங்கும், அந்தச் செலவு உங்களுக்குக் கட்டுப்படியாகுமா, இதைத்தான் ஒரு மாணவர் மூன்று நான்கு வகைப் பைகளில் தூளைப் போட்டு, வாரா வாரம் ஈரத்தை அளந்து, எழுதித் தருவார். அவருக்கு ஆய்வேடு கிடைக்கும், உங்களுக்குப் பதில் கிடைக்கும்.

இதில் ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். மாணவர் எழுதும் ஆய்வேடு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போகும், பிறரும் படிக்கலாம். ஆகவே பரம்பரை மசாலாச் சேர்மானம் ரகசியம் என்றால் அதைக் கொடுக்காதீர்கள். அரைத்த தூளை மட்டும் கொடுங்கள், அல்லது முதலிலேயே ரகசியக் காப்புக் கடிதம் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். கடைசி நாளில் அதைக் கேட்டால் அந்தப் பிள்ளையின் படிப்புதான் தடைபடும்.

சரி, யாரைப் போய்ப் பார்ப்பது? அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் "ஜாரிங்கான் இண்டஸ்திரி டான் மஷாராக்காட்" என்ற பெயரிலோ அதை ஒட்டிய பெயரிலோ ஒரு பிரிவு இருக்கும், அதாவது தொழில்துறையோடும் சமூகத்தோடும் தொடர்பு வைத்துக்கொள்வதற்கென்றே உள்ள பிரிவு. யு.எஸ்.எம்.-இலும் உண்டு, பாங்கியில் இருக்கிற யு.கே.எம்.-இலும் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் யு.எம்.கேர்ஸ் என்று சமூகப் பணிக்காகவே ஒரு மையம் இருக்கிறது. அங்கே மின்னஞ்சல் அனுப்புங்கள், கூடவே அந்தத் துறை விரிவுரையாளர் ஒருவருக்கும் நேரடியாக எழுதுங்கள். துறையின் இணையப் பக்கத்தில் ஒவ்வொருவரும் எதில் ஆய்வு செய்கிறார் என்று போட்டிருப்பார்கள், படித்துவிட்டு எழுதினால் பதில் வர வாய்ப்பு கூடும்.

அப்புறம் காலம். பல பல்கலைக்கழகங்களில் புதிய கல்வியாண்டு அக்டோபர் வாக்கில் தொடங்குகிறது. ஆய்வுத் தலைப்புகளை விரிவுரையாளர்கள் அதற்கு முன்பே யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். நாமோ தீபாவளிக் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு, அடுத்த மாதமே ஆள் வேண்டும் என்று போய் நிற்கிறோம். மாணவருடைய நேரத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நம் நாட்டில் ஒரு கிரெடிட் என்றால் வகுப்பு, சொந்தப் படிப்பு, தேர்வு எல்லாம் சேர்த்து மாணவர் 40 மணி நேரம் உழைக்கிறார் என்று அர்த்தம். மூன்று கிரெடிட் பாடம் என்றால் 120 மணி நேரம். அதில் ஒரு பங்குதான் உங்கள் வேலைக்கு வரும். ஒரு செமஸ்டரில் கடையையே மாற்றிக் கொடு என்று கேட்டால் நடக்காது. அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன், சின்னக் கேள்வி.

இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வரலாற்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நம் பெரியவர்கள் ஒரு பல்கலைக்கழகத்திடம் என்ன கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள் என்ற வரலாறு. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தது. அங்கே இந்திய ஆய்வியல் துறை தொடங்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது, அதில் எந்த மொழிக்கு முதலிடம் என்று பெரிய விவாதம். சமஸ்கிருதமா, தமிழா? அப்போது தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் தமிழுக்காகக் களம் இறங்கினார். கட்டுரை எழுதியதோடு நிற்கவில்லை. "தமிழ் எங்கள் உயிர்" என்று ஒரு நிதி தொடங்கி மக்களிடம் போனார். நன்றாக யோசித்துப் பாருங்கள், அந்தக் காலத்தில் நம் மக்களில் பெரும்பாலோர் தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்தவர்கள், பல்கலைக்கழக வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டார்கள், தங்கள் பிள்ளை அங்கே போகும் என்ற உறுதியும் கிடையாது. ஆனாலும் கொடுத்தார்கள். அந்தப் பணம் பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் சேர்க்க உதவியது. 1956-இல் துறை வந்தது, தமிழ் முதன்மை மொழியாக வந்தது. அப்புறம் அந்தத் துறை கோலாலம்பூருக்கு மாறியது, அங்கே அதற்குத் தனிநாயகம் அடிகள் தலைவராக வந்தார், 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாடு மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடந்தது, உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் அறிஞர்கள் வந்தார்கள்.

இதை நான் பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. அந்தப் பெரியவர்கள் கேட்டது எவ்வளவு தெளிவாக இருந்தது என்று பாருங்கள். "தமிழருக்கு ஏதாவது செய்யுங்கள்" என்று அவர்கள் கேட்கவில்லை. இந்தத் துறையில் இந்த மொழி வேண்டும், இந்த அலமாரியில் இந்த நூல்கள் வேண்டும், அதற்கு எங்கள் பங்கு இதோ. பல்கலைக்கழகத்தால் ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்ல முடிகிற கோரிக்கை அது. அப்படிக் கேட்கிற பழக்கத்தை எப்போது விட்டோம் என்று எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

அடுத்தது தொழிற்பயிற்சி. லத்திஹான் இண்டஸ்திரி என்றால் எல்லாருக்கும் தெரியும், உங்கள் வீட்டிலேயே ஒரு பிள்ளை போய் வந்திருக்கும். நான் பார்த்த ஒரு நிறுவனத்தில் பயிற்சிக்கு வந்த பெண்பிள்ளையை முழுக்க முழுக்க நகல் எடுக்கவும் கோப்பு அடுக்கவும் வைத்திருந்தார்கள். கணக்கியல் படிக்கிற பிள்ளை, போகும்போது ஒரு கணக்குப் புத்தகத்தைக்கூடத் தொட்டிருக்கவில்லை. அது அந்தப் பிள்ளைக்கு மட்டுமா இழப்பு? நல்ல ஊழியர் ஒருவரை முன்கூட்டியே அறிந்து வைக்கிற வாய்ப்பு அந்த நிறுவனத்துக்கும் போய்விட்டது. அமெரிக்காவில் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். நன்றாக முன்னுக்கு வந்த பொறியாளர்களில் பலர் படிக்கும்போதே வேலை செய்தவர்கள் என்பதைக் கவனித்தார். 1906-இல் 27 மாணவர்களோடு தொடங்கினார். இருவர் இருவராகச் சேர்த்து, ஒரு வாரம் ஒருவர் தொழிற்சாலையில், மற்றவர் வகுப்பில், அடுத்த வாரம் இடம் மாறிக்கொள்வார்கள். முதலாளிக்கு ஆண்டு முழுக்க ஆள் இருக்கும், மாணவருக்குப் படிப்பும் ஓடும். நம் உயர்கல்வி அமைச்சு கொண்டுவந்த 2யு2ஐ திட்டம், அதாவது இரண்டு ஆண்டு பல்கலைக்கழகம், இரண்டு ஆண்டு தொழில்துறை என்கிற ஏற்பாடும் இதே வழிதான்.

சிறிய முதலாளிகளுக்குச் சொல்கிறேன், பயிற்சி மாணவர் வரும்போது அவரைப் பார்த்துக்கொள்ள ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். முதல் நாளிலேயே ஒரு வேலையை முழுதாகக் கொடுங்கள், முடிக்கும்போது அவர் கையில் காட்டுவதற்கு ஒன்று இருக்க வேண்டும். மாதப் படி கொடுங்கள். டேலண்ட்கோர்ப் என்ற அரசாங்க நிறுவனம் நடத்துகிற தொழிற்பயிற்சித் திட்டத்தில் முன்கூட்டியே பதிந்து ஒப்புதல் வாங்கினால் அந்தச் செலவுக்கு இரட்டை வரிக்கழிவு உண்டு. விதிமுறை அவ்வப்போது மாறும், அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். காப்புறுதி யார் பொறுப்பு என்பதையும் பல்கலைக்கழகத்திடம் கேட்டுவிடுங்கள்.

"எங்களிடம் நான்கு பேர்தான் வேலை செய்கிறார்கள், எங்களை யார் மதிப்பார்கள்" என்று சிலர் கேட்பார்கள். சேர்ந்து போங்கள். பினாங்கில் 1989-இல் திறன் மேம்பாட்டு மையம் வந்தது, பி.எஸ்.டி.சி. என்றால் இங்கே எல்லாருக்கும் தெரியும். சந்தையில் ஒன்றுக்கொன்று போட்டி போட்ட நிறுவனங்கள், எல்லாருக்கும் தேர்ந்த ஆள் வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக, அரசாங்கத்தோடும் கல்வியாளர்களோடும் கைகோர்த்து ஒரே மையத்தை உருவாக்கின. அவ்வளவு பெரிய நிறுவனங்களே சேரும்போது லிட்டில் இந்தியாவில் பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு போகக் கூடாதா?

இயக்கங்களுக்கும் ஒரு வார்த்தை. சூலாம் என்று ஒரு திட்டம் 2019-இல் உயர்கல்வி அமைச்சு தொடங்கியது. மாணவர்கள் பாடத்தின் ஒரு பகுதியாகவே சமூகத்துக்குள் வந்து வேலை செய்வார்கள், அதற்கு மதிப்பெண் உண்டு. நம் நாட்டின் முதல் மருந்தியல் துறை யு.எஸ்.எம்.-இல்தான் 1972-இல் தொடங்கியது. அந்த மாணவர்களை ஆலய மண்டபத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அழையுங்கள், முதியவர்கள் வீட்டில் இருக்கிற மருந்துப் பையை அப்படியே எடுத்து வரட்டும், எதை எப்போது சாப்பிடுவது, எது காலாவதி, எதை எதோடு சேர்க்கக் கூடாது என்று உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கட்டும். தமிழ் பேசத் தெரிந்த மாணவர் இருந்தால் இன்னும் நல்லது, இல்லாவிட்டால் உங்கள் இளைஞர்கள் மொழிபெயர்க்கலாம்.

ஆனால் ஆய்வுக்கு என்று வருகிறவர்களிடம் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும், இதில் நான் கொஞ்சம் கண்டிப்பு. அடுக்குமாடி வீடுகளில் கேள்வித்தாளோடு வந்து, மணிக்கணக்கில் நம் அம்மாக்களை உட்கார வைத்து, வருமானம் என்ன, கடன் எவ்வளவு, பிள்ளை ஏன் பள்ளியை விட்டது என்று எல்லாம் எழுதிக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். திரும்பி வரவே இல்லை. அந்த மக்கள் இன்றும் கேட்கிறார்கள், "அன்றைக்கு எழுதிக்கொண்டு போனார்களே தம்பி, என்ன ஆச்சு?" ஆகவே முதல் சந்திப்பிலேயே மூன்று விஷயம் கேளுங்கள். ஆய்வு நெறிக்குழுவின் அனுமதி இருக்கிறதா, பங்கெடுப்பவர் வேண்டாம் என்றால் விலகலாமா, முடிவை எங்களுக்குப் புரிகிற மொழியில் வந்து சொல்வீர்களா. நல்ல ஆய்வாளர் இதைக் கேட்டு மகிழ்வார். முடிவைச் சொல்லும் தேதியையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

புரிந்துணர்வு ஒப்பந்தம் பற்றி ஒன்று. எடுத்த எடுப்பில் அதற்குப் போகாதீர்கள், அது பெண் பார்க்காமலே மண்டபம் பதிவு செய்வது போல. சட்டப் பிரிவு வழியாக அது போய் வர மாதங்கள் ஆகும். ஒரு கடிதத்தோடு ஒரு சின்ன வேலையை முடியுங்கள், இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்ட பிறகு கையெழுத்துப் போடலாம்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சைகை காட்டுகிறார்கள். ஏப்பெல் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.-ஓடு வேலைக்குப் போய்விட்ட உங்கள் ஊழியர், அனுபவத்தைக் காட்டி மதிப்பீட்டில் தேறினால், பட்டப்படிப்பில் சேர வழி இருக்கிறது. வயது 21-க்கு மேல் இருக்க வேண்டும், மலேசியத் தகுதி முகவையான எம்.கியூ.ஏ. அங்கீகரித்த முறை இது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனங்கள் பெரும்பாலும் மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்.ஆர்.டி. கோர்ப்புக்குச் சம்பளத்தில் ஒரு விழுக்காடு லெவி கட்டுகின்றன, அதை ஊழியர் பயிற்சிக்கு எப்படிப் பயன்படுத்தலாம் என்று அங்கே விசாரியுங்கள். கட்டிய பணத்தைத் தொடாமலே விட்டிருக்கிற முதலாளிகள் நாளைக் காலையிலேயே கூப்பிட்டுக் கேளுங்கள். நன்றி, வணக்கம்.