வேர்முடிச்சுக்குள் ஓர் அறிவியல் பாடம்

அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்றையும் வேளாண்மை வழியாகக் கற்பிக்கலாம் என்று சொல்லும்போது, "பிள்ளையை அறிவியல் படிக்கத்தானே அனுப்பினோம், மண்வெட்டி பிடிக்கவா அனுப்பினோம்?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. கணக்கும் சமன்பாடும் குறைக்கப்பட்டு, படிப்பில் பின்தங்கியவர்களுக்கென்று ஒதுக்கப்படும் ஒரு பாடத்தை நான் பரிந்துரைக்கவில்லை. அறிவியலின் ஆழம் இம்மியும் குறையலாகாது. கேள்வி பிறக்கும் இடம் மட்டும் மாற வேண்டும் என்பதே என் வாதம்.

யூரியாவை எடுத்துக்கொள்வோம். மூட்டையின் மேல் நைட்ரஜன் 46 விழுக்காடு என்று அச்சிட்டிருக்கும். மாணவர் அதன் மூலக்கூறு நிறையைக் கூட்டிப் பார்த்தால் 60 வருகிறது; அதில் நைட்ரஜனின் பங்கு 28; ஆக 46.7 விழுக்காடு. மீதிப் பின்னம் எங்கே போயிற்று என்று ஒருவர் கேட்டுவிட்டால், ஈரப்பதத்தையும் பொருளின் தூய்மையையும் பற்றி ஆசிரியர் வலிந்து பேச வேண்டியதில்லை. அதே யூரியாவில் ஒரு கைப்பிடியை ஒரு குவளை நீரில் கரைத்தால் குவளை சில்லிட்டுப் போகும். கரையும்போது வெப்பத்தை உள்வாங்கும் பொருள்கள் உண்டு என்பதை விரல்களே சொல்லிவிடும். அளவு மீறி உரமிட்ட செடியின் இலையோரம் கருகுவதைக் கண்டவருக்கு, கரைபொருள் மிகுந்த பக்கம் நோக்கி நீர் சவ்வின் வழியே நகரும் சவ்வூடு பரவல் வெறும் வரையறையாக நிற்காது.

இதைவிட வளமான பாடம் மண்ணுக்குள் இருக்கிறது. விதைத்து ஐந்தாறு வாரங்கள் ஆன ஒரு பயறுச் செடியைப் பிடுங்காமல், மண்ணோடு தோண்டி எடுத்து, வாளி நீரில் மெல்ல அலசினால், வேரில் சிறு மணிகளைப் போன்ற முடிச்சுகள் ஒட்டியிருப்பது தெரியும். ஒன்றைப் பிளேடால் குறுக்கே அறுத்துப் பாருங்கள்: நன்கு வேலை செய்யும் முடிச்சின் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் இருக்கும். செடிக்குள் ஏன் இரத்தத்தின் சாயல் என்று மாணவர் வியப்பது இயல்பே. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான, இரும்பு கொண்ட ஒரு புரதம்தான் அந்த நிறத்தைத் தருகிறது. முடிச்சில் வாழும் பாக்டீரியாவுக்குச் சுவாசிக்க ஆக்சிஜன் வேண்டும். ஆனால் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குப் பயன்படும் வடிவுக்கு மாற்றும், அதாவது நிலைப்படுத்தும், அதன் நொதியோ ஆக்சிஜன் பட்டால் செயலிழந்துவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே அந்தப் புரதம் ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு, அளந்து அளந்து கொடுக்கிறது.

இங்கிருந்து வேதியியலுக்குச் செல்ல ஓர் அடி போதும். காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் இருந்தும், அதன் அணுக்களிடையே உள்ள வலுவான முப்பிணைப்பால் பயிர் அதை நேரே எடுத்துக்கொள்ள முடியாது. நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்ற, 1909இல் ஜெர்மன் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர் ஆய்வகத்தில் செய்துகாட்டி, 1913இல் தொழிற்சாலை அளவில் தொடங்கிய முறைக்கு, வினையை விரைவுபடுத்தும் வினையூக்கி இருந்தும், 400 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும், வளிமண்டல அழுத்தத்தைப் போல் நூறு மடங்கு, இருநூறு மடங்கு அழுத்தமும் தேவைப்பட்டன. முடிச்சிலுள்ள பாக்டீரியா அதே பிணைப்பை மண்ணின் சாதாரண வெப்பத்தில் பிரிக்கிறது. வினையூக்கம் என்னும் பாடத்திற்கு இதைவிடச் சிறந்த தொடக்கத்தை நான் அறியேன்.

வயலில் பரிசோதனை துல்லியமாக இருக்காதே என்பார்கள். ஒரு பாத்தி நிழலில் கிடக்கும், மற்றொன்றில் நீர் தேங்கும், உண்மைதான். ஆனால் இந்தச் சிக்கலை எதிர்கொண்டதால்தான், 1919 முதல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர், பாத்திகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பலமுறை சோதிக்கும் ஆய்வு வடிவமைப்பை உருவாக்கினார். மருந்துகளைச் சோதிப்போரும் இன்று அந்த நெறியைத்தான் பின்பற்றுகிறார்கள்.

பாடத்திட்டக் குழுவில் இருப்போரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பயிர் பள்ளி மணிக்குக் கட்டுப்படாது. நைட்ரஜன் பாடம் வரும் வாரத்தில் முடிச்சு வேண்டுமானால், ஒன்றரை மாதம் முன்பே விதை மண்ணில் விழுந்திருக்க வேண்டும். ஆகவே பாட வரிசையை விதைப்புக் காலத்தோடு பொருத்துங்கள். செய்முறைத் தேர்வில் யூரியா இட்ட பயறுச் செடி ஒன்றையும் இடாத பயறுச் செடி ஒன்றையும் மாணவர் கையில் கொடுத்து, எதில் முடிச்சுகள் அதிகம், ஏன் என்று கேளுங்கள்.