பள்ளிப் பாதுகாப்புக்கு அமெரிக்கா தரும் பணம்: பங்கு போட்டால் எவ்வளவு தேறும்?

[திரையில்: 1986]

பள்ளிக்குள் போதைப்பொருள் நுழையாமல் தடுக்க அமெரிக்க மத்திய அரசு தனியாக நிதி ஒதுக்க ஆரம்பித்தது 1986-இல், அதிபர் ரீகன் காலத்தில். அந்தத் திட்டத்தில் வன்முறைத் தடுப்பும் சேர்ந்தது 1994-இல்தான்.

[திரையில்: வாஷிங்டன், மாநிலம், பள்ளி மாவட்டம்]

வாஷிங்டனிலிருந்து மாநிலத்துக்கு, அங்கிருந்து பள்ளி மாவட்டங்களுக்கு, அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகங்களுக்கு, என்று ஒரு சூத்திரப்படி பணம் பிரியும். யாரையும் விட்டுவிடக் கூடாது என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் எல்லோருக்கும் கொடுத்ததில் யாருக்கும் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. கையில் கொஞ்சம் பணம் இருந்தால் என்ன வாங்க முடியும்? ஒரு நாள் சொற்பொழிவு, கொஞ்சம் சுவரொட்டி.

அந்தப் பணம் போன இடங்களில் ஒன்று, காவலர் வகுப்புக்கு வந்து போதைக்கு எதிராகப் பாடம் நடத்தும் 'டேர்' திட்டம். அது 1983-இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கி நாடெங்கும் பரவியது. பெற்றோருக்குப் பிடித்திருந்தது, காவல்துறைக்கும் பிடித்திருந்தது. மாணவர்களின் போதைப் பழக்கம் அதனால் பெரிதாகக் குறையவில்லை என்று ஆய்வுக்கு மேல் ஆய்வு சொன்னது. பலன் தருவதாக ஆய்வில் தெரிந்த திட்டங்களுக்கே செலவிட வேண்டும் என்று 1998-இல் கல்வித்துறை விதி போட்டது. மாநிலங்களுக்கான அந்த மானியம் 2009 நிதியாண்டோடு நின்றுபோனது.

[திரையில்: 30,000 டாலர்]

இப்போது இருப்பது 2015 கல்விச் சட்டத்தின் நான்காம் தலைப்பு, 'ஏ' பகுதி தரும் மானியம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30,000 டாலரோ அதற்கு மேலோ வாங்கும் மாவட்டம், அதில் குறைந்தது 20 சதவீதத்தை மாணவர் பாதுகாப்புக்கும் உடல், மன நலத்துக்கும் செலவிட வேண்டும். 30,000-இல் அது 6,000 டாலர். ஒரு பள்ளி ஆலோசகருக்கு அது எத்தனை மாதச் சம்பளம்? இரண்டு மாதம் தாண்டுவதே கஷ்டம். அதற்கு மேல் ஒதுக்கலாமே என்றால், அதே பணத்துக்கு இசை வகுப்பும் அறிவியல் பாடமும் கணினியும் வரிசையில் நிற்கின்றன.

[திரையில்: 2018, 2022]

பெரிய தொகை வருவது பெரும்பாலும் துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகுதான். ஃபுளோரிடாவின் பார்க்லாண்டில் ஒரு பள்ளியில் 17 பேர் பலியான அடுத்த மாதமே, 2018 மார்ச்சில், பள்ளி வன்முறைத் தடுப்புக்கு ஒரு சட்டம் வந்தது. அந்தப் பணம் மத்திய நீதி அமைச்சகம் வழியாகப் போகிறது. விண்ணப்பம் போட்டுப் போட்டியில் வென்றால்தான் கிடைக்கும். விண்ணப்பம் எழுதவே ஆள் இல்லாத சின்ன மாவட்டம் என்ன செய்யும், சொல்லுங்கள்.

டெக்சஸின் உவால்டே பள்ளியில் நடந்த படுகொலைக்குப் பின் 2022-இல் இன்னொரு சட்டம். பாதுகாப்பான பள்ளிச் சூழலுக்கென்றே அதில் 100 கோடி டாலர். மத்தியக் கல்வி நிதியை ஆயுதப் பயிற்சிக்குத் தொடக் கூடாது என்றும் ஒரு வரி இருந்தது. அதைப் படித்துவிட்டு, வில்வித்தை வகுப்புக்கும் வேட்டைப் பாதுகாப்பு வகுப்புக்கும் பணம் இல்லை என்றது கல்வித்துறை. கட்சி பேதமில்லாமல் எல்லோரும் கொதித்தார்கள். 2023 அக்டோபரில் சட்டத்தையே திருத்தினார்கள். அவ்வளவு வேகம்!

அந்த 100 கோடியோ ஒரே முறை வந்த பணம். அதை நம்பி ஆலோசகரை வேலைக்கு எடுத்த மாவட்டம், பணம் தீர்ந்ததும் அவருக்குச் சம்பளம் கொடுக்கச் சொந்த வரிப்பணத்தில் கைவைக்க வேண்டும், இல்லையென்றால் அவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.