அண்டா பெரிதானால் கை மாறுமா?

நடுவர் அவர்களே, வணக்கம். பெண்கள் எந்தத் தொழிலில் இறங்குகிறார்கள் என்பதைத் தீர்மானிப்பது அவர்கள் விருப்பமா, ஊர் வழக்கமா? இதுதான் தலைப்பு. வழக்கம்தான் என்று பேச வந்திருக்கிறேன். மாவு, ஊறுகாய், தையல் எல்லாம் பெண்கள் ஆசைப்பட்டு எடுத்தவை, அதில்தான் அவர்களுக்குக் கைவாகு என்று சொல்லிவிட்டு, கைதட்டலும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் எதிரணி நண்பர்.

சரி, கைவாகு என்றே வைத்துக்கொள்வோம். கல்யாணச் சமையல் காண்டிராக்ட் ஏன் ஆண்கள் கையில் இருக்கிறது? பரோட்டா மாஸ்டர் ஏன் ஆண்? வீட்டில் நாலு பேருக்குப் பொங்கினால் அது பெண்ணின் கடமை. ஆயிரம் இலைக்கு அட்வான்ஸ் வாங்கினால் அது ஆணின் தொழில். அண்டா பெரிதானால் கைவாகு மாறிவிடுமா ஐயா?

வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் எங்கள் கோயம்புத்தூர். அதில் மாவு ஆட்டிப் பாக்கெட் போட்டு விற்பது பெண். கிரைண்டர் செய்யும் பட்டறைக்கு முதலாளி, பெரும்பாலும் ஆண்.

பெங்களூரு கிரண் மஜும்தார் ஷா ஆஸ்திரேலியாவில் பீர் தயாரிப்பு படித்துவிட்டு வந்தவர். பெண்ணுக்கு அந்த வேலையா என்று இங்கே கதவைச் சாத்தினார்கள். 1978-இல் பயோகான் என்ற உயிரித் தொழில்நுட்ப நிறுவனத்தைத் தொடங்கியபோது வங்கிகளும் கடன் தரத் தயங்கின. "ஜெயித்தாரே!" என்பார்கள். ஜெயித்தார். ஆனால் அவர் ஆசைப்பட்டுப் படித்தது பீர் அல்லவா!

என் வீட்டுக்கே வருகிறேன். கொள்ளுத்தாத்தா போட்ட, இரும்பு கடையும் லேத் பட்டறை. தாத்தாவுடன் நின்று தொழில் பழகியவர் என் அத்தை. அளவு ஒரு நூல் கூடியிருந்தால் விரலால் தடவியே சொல்லிவிடுவார். பட்டறை யாருக்குப் போனது? தொழிலே தெரியாத என் அப்பாவுக்கு. அத்தைக்குச் சீராகத் தையல் மெஷின். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-இல் சட்டம் வந்தது. அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அது பொருந்தாது என்றார்கள். அத்தைக்குக் கல்யாணமானது 1986-இல். அடகு வைக்க நிலமும் இல்லை, பத்திரமும் இல்லை. லேத் வாங்க எந்த மேனேஜர் கடன் தருவார்?

இன்றைக்கு அவர் லேடீஸ் டெய்லர். விரும்பித்தான் எடுத்தார் என்று எதிரணி எழுதிக்கொள்ளட்டும். போன வாரம் கடையில் ஒரு மெஷின் நின்றுபோனது. மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை. பிரித்துப் போட்டு, தேய்ந்துபோன புஷ் என்ற சின்ன உலோக வளையத்தை எடுத்து, அளவைச் சீட்டில் எழுதி என் கையில் கொடுத்தார். "அப்பாகிட்டக் குடுத்துக் கடைஞ்சு வாங்கிட்டு வா. அளவை மட்டும் நீயே ஒருதடவை சரி பாத்துக்க கண்ணு, அவனுக்கு வராது" என்றார்.