துறைமுகத்துக் காந்திகள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பிரேசில் கார்னிவல் என்றாலே ரியோ நகரமும் இறகு சூடிய நடனப் பெண்களும்தான் நம் கண்முன் வருவார்கள். ரியோவைத் தொலைக்காட்சிக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நாம் அதற்கு வடக்கே பாஹியா மாநிலத்தின் தலைநகரான சல்வதோருக்குப் போவோம். கிறிஸ்தவர்கள் நோன்பிருக்கும் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய நாட்களில், அங்கே ஊரே தெருவில் இறங்கிவிடும்.

1549 முதல் 1763 வரை பிரேசிலுக்கே தலைநகரம் சல்வதோர்தான். ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து விற்ற துறைமுகமும் அது. 1888இல் அடிமை முறை ஒழிந்தது. ஆனால் அந்த மக்கள் தங்கள் மேளத்தோடு கார்னிவலுக்கு வந்தபோது மேட்டுக்குடியினருக்குப் பொறுக்கவில்லை. ஆப்பிரிக்கப் பாணியில் கொட்டடித்து ஊர்வலம் வரக் கூடாது என்று 1905இல் தடையே போட்டார்கள். விழா எல்லோருக்கும் பொது, தெரு மட்டும் சிலருக்குச் சொந்தம்!

சரி, 1949க்கு வருவோம். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தொழிலாளிகளுக்கு அது கஷ்ட காலம். கையில் காசில்லை, தொழிற்சங்கத்தின் மேல் அரசாங்கத்துக்கு ஒரு கண். அதற்கு முந்தைய ஆண்டுதான் காந்தி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அவர் பெயரிலேயே கார்னிவல் ஊர்வலம் போவோம் என்று அந்தத் தொழிலாளிகள் முடிவு செய்தார்கள். 'காந்தியின் பிள்ளைகள்' என்று பொருள்படும் 'ஃபில்யோஸ் தெ காந்தி' குழு அப்படித்தான் பிறந்தது. அமைதியின் பெயரால் நடந்து வருகிறவர்களைத் தடுப்பது அவ்வளவு சுலபமில்லையே!

துணி வாங்க வழியில்லாததால் படுக்கை விரிப்பு அங்கியாயிற்று, குளிக்கிற துண்டு தலைப்பாகையாயிற்று. அப்புறம் யானையும் ஒட்டகமும் பொம்மைகளாக ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டன. அவர்கள் மனதில் இருந்த இந்தியா அப்படி. நமக்குச் சிரிப்பு வரலாம். எனக்கென்னவோ அந்தத் துண்டுத் தலைப்பாகை மேல் மரியாதைதான் வருகிறது.

இன்றும் ஆயிரக்கணக்கான ஆண்கள் அந்த வெள்ளை அங்கியில்தான் வருகிறார்கள். கழுத்தில் நீலமும் வெள்ளையுமாக மணிமாலைகள். கையில் லாவெண்டர் வாசனைத் தண்ணீர்; கூட்டத்தின் மேல் தெளித்துக்கொண்டே போவார்கள். அகோகோ என்கிற இரட்டை இரும்பு மணியின் ஓசையில் இஜெஷா தாளம் நிதானமாக நடக்கும். அது கந்தோம்ப்ளே, அதாவது ஆப்பிரிக்க வேர் கொண்ட பிரேசில் மதத்தின் வழிபாட்டிலிருந்து வந்த தாளம். கிளம்புவதற்கு முன் எஷு என்ற தெய்வத்துக்குப் படையல் வைக்க வேண்டும், வழியைத் திறந்துவிடுகிறவர் அவர். இந்தக் குழுவின் இடம் இருப்பது சல்வதோரின் பழைய நகரப் பகுதியான பெலூரின்யோவில். அந்தச் சொல்லுக்கு அர்த்தம், அடிமைகளைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்த கம்பம்.

எழுபதுகளில் குழு தேய்ந்துபோய்க் கிடந்தது. நாடுகடத்தப்பட்டிருந்து திரும்பிய பாடகர் ஜில்பெர்த்து ஜில் அதில் சேர்ந்து நடந்தார், பாட்டும் எழுதினார். மறுபடி உயிர் வந்தது. பிற்பாடு அவர் நாட்டின் பண்பாட்டு அமைச்சரானார். 1974இல் கறுப்பின மக்களுக்கென்றே இலே ஆயே குழு தொடங்கி, அடுத்த ஆண்டு கார்னிவலில் இறங்கியபோது, அவர்களைப் பார்த்து 'இனவெறியர்கள்' என்று எழுதிய பத்திரிகையும் உண்டு. கந்தோம்ப்ளே கோயில்கள் காவல்துறையிடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை என்று ஆனதே 1976இல்தான்.

அதே சல்வதோர் கார்னிவலில் 1950இல் தோதோ, ஓஸ்மார் என்ற இரு இசைக்கலைஞ நண்பர்கள் 1929ஆம் வருடத்து ஃபோர்டு காரில் ஒலிபெருக்கி கட்டி வாசித்துக்கொண்டு போனார்கள். அந்தப் பழைய கார்தான் இன்று மாடி வைத்த ராட்சத இசை லாரியாக வளர்ந்திருக்கிறது. லாரியைச் சுற்றிக் கயிறு கட்டியிருப்பார்கள். காசு கொடுத்துச் சட்டை வாங்கியவர் கயிற்றுக்கு உள்ளே, மற்றவர்கள் வெளியே. வெளியே குதிக்கும் கூட்டத்துக்கு 'பிப்போக்கா' என்று பெயர், அதாவது சோளப்பொரி.

அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்காக நடப்பதற்குக் கூலியாட்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் கறுப்பின ஏழைகள், பெண்களும் உண்டு. கையில் கையுறை, காதில் அடைப்பான். தலைக்கு மேல் பாட்டு அலறிக்கொண்டிருக்க, இவர்கள் கயிறு தொய்யாமல் பார்த்தபடி நடக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.